ஏத்தப் பக்கம்

என் மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். தேனிக்கு வரும்போதெல்லாம் ஒரு மூட்டை அழுக்குத் துணியும், நம் பக்கத்தில் யாரும் கேட்டிராத பாட்டுகளும் கொண்டுவருவாள். துணி அவள் அம்மாவுக்கு. பாட்டைக் கேட்டுவிட்டு "இதெல்லாம் ஒரு பாட்டா" என்று சொல்லும் வேலை எனக்கு. நான் அப்படிச் சொல்லாவிட்டால் அவளுக்கு வீட்டுக்கு வந்த மாதிரியே இருக்காது.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு குட்டி ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வெங்காயத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, கொஞ்ச நேரம் வாயத் தெறக்காமக் கேளுங்க. இப்ப எங்க ஆடப் போனாலும் இதான் ஓடுது. பழைய டெக்னோ திரும்பி வந்திருச்சு. கம்ப்யூட்டர்ல சுத்தபத்தமா செஞ்ச சத்தம் எல்லாருக்கும் சலிச்சுப்போச்சு. அந்தக் காலத்து மெஷினு, அந்தக் கேசட் இரைச்சல், அதான் வேணுமாம்."

அது பாட்டே இல்லை. வெறும் அடி. டும் டும் டும் டும் என்று கீழே ஒன்று சீராகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேலே தகரத்தில் கை தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பின்னால் உஸ்ஸென்று ஓர் இரைச்சல். நான் வழக்கமான வசனத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது ஓர் அடி, விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. மாடிப்படி இறங்கும்போது ஒரு படி இல்லாமல் போனது போல நெஞ்சு திக்கென்றது. அடுத்த அடி சரியாக விழுந்தது. கொஞ்ச நேரம் போய் மறுபடியும் அதே இடத்தில் அதே பள்ளம்.

"இது நாஞ் செஞ்சதும்மா" என்றேன்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. சுருளி அருவியைக் காலையில் வாட்ச்மேன் குழாயைத் திருகித்தான் திறந்துவிடுகிறார் என்று சின்ன வயதில் அவளிடம் சொல்லியிருக்கிறேன். மேகமலையில் யானைகளுக்குத் தனி பஸ் ஸ்டாப் உண்டு என்று சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி அவமானப்பட்டு வந்தவள் அவள். எங்கள் வீட்டில் "அப்பா சொன்னாரு" என்றால் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்க வேண்டும் என்று ஒரு நடைமுறையே இருக்கிறது. ஆனால் இது அந்த ரகம் இல்லை. இது நான் செய்தது.

கேசட் காலத்தில் கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் நானும் என் கூட்டாளியும் ஒரு ரெக்கார்டிங் கடை வைத்திருந்தோம். வருகிறவர்கள் பிடித்த பாட்டுகளை எழுதிக் கொடுப்பார்கள், நாங்கள் வெறுங் கேசட்டில் பதிந்து கொடுப்போம். முன்னால் கல்லாவில் அவன். சுவருக்குச் சாக்கு அடித்த பின்னறையில் நான். அவனுக்கு வாய், எனக்குக் காது என்று கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். அவனுடைய எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் கேசட் அட்டையில் எழுதுவது அவன் பொறுப்பு.

மதுரையில் ஒரு கச்சேரிக் குழு கழித்துக்கட்டிய ரிதம் பாக்ஸ் ஒன்று எங்களிடம் வந்து சேர்ந்தது. செங்கல்லை விடச் சற்றுப் பெரிது, மேலே வரிசையாக பட்டன். அதில் தாளத்தைப் பதித்துவிட்டால் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். பாட்டுக்குப் பாட்டு நடுவில் ஒட்டுப் போட அதை வைத்திருந்தோம். அதற்கு வேறு பிழைப்பைக் காட்டியவர் ஒரு ஜீப் டிரைவர்.

கம்பத்திலிருந்து கேரளத்து மலையில் இருக்கும் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்புகள் விடியும் முன்பே ஆளேற்றிக்கொண்டு கிளம்பும். முன்சீட்டில் மலையாளத்துக்காரர்கள் இருப்பார்கள், பின்னால் தோட்ட வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பெண்கள். தமிழ்ப் பாட்டுப் போட்டால் முன்சீட்டு முணுமுணுக்கும். மலையாளப் பாட்டுப் போட்டால் பின்னாலிருந்து வசவு வரும். சாமி பாட்டுப் போட்டால் எந்தச் சாமி என்று அடுத்த பஞ்சாயத்து.

"அண்ணே, வார்த்த இல்லாம ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றார் அந்த டிரைவர். "வார்த்த இருந்தாத்தான சண்ட. மெலடியும் வேணாம், கண்ணச் சொக்கிரும். வண்டியோட பள்ளத்துல கெடப்போம்."

அப்படித்தான் அடி மட்டும் இருக்கிற கேசட் பிறந்தது. டெக்னோ என்ற சொல்லே எங்களுக்குத் தெரியாது. நான் அறைக்குள் உட்கார்ந்து நாலு அடியைச் சீராக ஓடவிட்டேன். சீராக ஓடினால் அதுவும் தாலாட்டு ஆகிவிடுகிறது என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. எனவே எதிர்பாராத ஓர் இடத்தில் ஓர் அடியை முழுங்கினேன். தூங்கப் போகிற காது திடுக்கிட்டு எழுந்துகொள்ளும். அவ்வளவுதான் அதன் ரகசியம். கலை, தத்துவம் ஒன்றும் கிடையாது, வண்டி பள்ளத்தில் விழக்கூடாது.

கேசட் ஜீப்புக்கு ஜீப் பரவியது. கூடவே ஒரு புகாரும் வந்தது, மேடு ஏறும்போது சத்தம் இழுக்கிறது என்று. நானும் அவனும் ஒருநாள் மலை மேலே இருக்கும் கம்பம் மெட்டுக்கு ஜீப்பிலேயே போய்ப் பார்த்தோம். வண்டி முதல் கியரில் முக்கிக்கொண்டு ஏறும்போது, விளக்கும் எரிந்துகொண்டிருந்தால், கிழட்டு பேட்டரிக்கு டேப்பைச் சுற்றத் தெம்பு இருக்காது. கேசட் நொண்டும். வண்டியை மாற்ற முடியாது, கேசட்டை மாற்றலாம். ஒரு பக்கத்தை வேண்டுமென்றே வேகமாகப் பதிந்தேன். கடையில் வைத்துக் கேட்டால் பேய் பிடித்த மாதிரி ஓடும். மேட்டில் கேட்டால் சரியாக இருக்கும். மறுபக்கத்தைச் சாதாரண வேகத்தில் விட்டேன். அட்டையில் அவன் ஒரு பக்கம் "ஏத்தம்" என்றும் மறுபக்கம் "இறக்கம்" என்றும் அழகாக எழுதினான். அந்த எழுத்துதான் பின்னால் என் கழுத்துக்கு வந்தது. கேசட்டில் அவன் கை தெரிகிறது. என் கை எங்கேயும் தெரியவில்லை.

காலம் மாறியது, கடையைச் சாத்தினோம். நான் தேனியில் ஒரு பம்புசெட் கடைக்கு விற்பனையாளாகப் போனேன். அவன் மைக்செட் வைத்தான், பிறகு நிலம் வாங்கி விற்றான். ரிதம் பாக்ஸையும் மிச்சமிருந்த கேசட்டுகளையும் அவனே எடுத்துக்கொண்டான். எனக்கு அதைக் கேட்கத் தோன்றவே இல்லை. எங்களுக்குள் உன்னது என்னது இருந்ததில்லை. கடை மூடிய பிறகுதான் எனக்குக் கல்யாணம். என் மனைவிக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. மகளுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடிக்கு எங்கே போவது என்று வீட்டில் பேச்சு வந்தது. "நான் இருக்கையில என்ன பேச்சு" என்று சீர்த்தட்டோடு வந்து அவன்தான் உட்கார்ந்தான். அவன் மடியில் இருந்துதான் அவள் வீறிட்டு அழுதாள். அன்றிலிருந்து அவளுக்கு அவன் கம்பம் மாமா. பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு நான் போகாவிட்டாலும் அவன் போயிருக்கிறான்.

"இந்தா பாருங்கப்பா" என்று மகள் கைப்பேசியை நீட்டினாள். வெங்காயக் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தேன். கொச்சியைச் சேர்ந்த ஒரு டிஜே பையன், எங்கோ ஒரு பழைய ஜீப்பில் எங்கள் கேசட் ஒன்றைக் கண்டெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறான். அட்டைப் படத்தில் "ஏத்தம்" என்று முத்து எழுத்து. எழுதியவரைத் தேடிக் கம்பத்துக்கே வந்து பேட்டியும் எடுத்திருக்கிறான். பேட்டியில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான் என் கூட்டாளி.

"நான் ஒத்த ஆளு" என்றான். "ஒரு அறைக்குள்ள கதவச் சாத்திக்கிட்டுச் செஞ்சேன். சுவத்துல சாக்கு அடிச்சிருக்கும்."

என் அறை அது. அதன் சாக்கு வாசனைகூட எனக்கு வந்தது. பின்னால் கேட்கும் இரைச்சல் சுருளி அருவியின் சத்தத்தை நினைத்துச் செய்தது என்றான். நாங்கள் வாங்கிய மட்டக் கேசட்டின் சத்தம் அது. வார்த்தை ஏன் இல்லை என்று அந்தப் பையன் கேட்டதற்கு, இசைக்கு மொழி கிடையாது என்று வானத்தைப் பார்த்தான். முழுங்கிய அடிக்கும் ஒரு கதை வைத்திருந்தான். தோட்டத்துப் பெண்கள் நிமிர்ந்து மூச்சு வாங்கும் அந்தக் கணத்துக்காக ஓர் அடியை விட்டானாம். அழகான பொய். எனக்கு அது தோன்றவில்லையே என்று ஒரு நிமிஷம் பொறாமையாகக்கூட இருந்தது. அதற்கப்புறம்தான் வயிறு எரிந்தது.

"மாமா எவ்வளவு பெரிய ஆளு. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல பாருங்க" என்றாள் மகள். "நீங்களும் அந்தக் கடையிலதான் இருந்தீகளாக்கும்?"

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிரைவர், சாக்கு, ஏத்தம், இறக்கம், முழுங்கிய அடி. அவள் கேட்டாள். பாதியைக் கழித்துவிட்டுக் கேட்கிறாள் என்று முகமே சொன்னது. உலகத்தில் யார் யாரோ ஆடட்டும், யார் பேரைச் சொல்லியும் ஆடட்டும், எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. என் மகள் என்னை நம்ப வேண்டும். என் வாழ்க்கையில் உருப்படியாக நான் செய்த ஒரே காரியம் அவளுக்குப் பிடித்துப்போய், அது நான் செய்தது என்று அவள் நம்பாமல் இருக்கிறாள் என்றால் எப்படித் தாங்குவது?

அவனுக்குப் போன் போட்டேன். கோபமாகப் பேச வேண்டும் என்று நினைத்துத்தான் போட்டேன்.

"ஏலே, பாத்துட்டியா? நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றான் அவன், கொஞ்சமும் கூசாமல். "அவுக கேமராவ வச்சுக்கிட்டுத் திடுதிப்புன்னு கேட்டாக, வாய்க்கு வந்தத ஒளறிட்டேன். வார ஞாயித்துக்கிழம நம்ம திராச்சத் தோட்டத்துல ஒரு ஆட்டம் வச்சிருக்காக. மகளக் கூட்டிக்கிட்டு வா. அங்கன எல்லார் முன்னாடியும் சொல்லிப்புடுவோம். நம்ம ரெண்டு பேருந்தானலே."

என் கோபம் அங்கேயே கரைந்துவிட்டது. அவன் எப்போதும் அப்படித்தான், வாய்தான் முந்தும், மனசில் ஒன்றும் இருக்காது என்று மனைவியிடம் நானே அவனுக்காக வாதாடினேன். அந்த வாரம் கோயம்புத்தூர் போகாமல் வீட்டிலேயே தங்கும்படி மகளைக் கெஞ்சி லீவு போட வைத்தேன். "ஒங்க மாமாவே சொல்லுவாக பாரு" என்றேன். "சொல்லட்டும், பாப்போம்" என்றாள். நம்பத் தயாராகத்தான் இருந்தாள், அது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கம்பத்துக்குப் போய் இறங்கினோம். ஜீப் ஸ்டாண்டில் பழைய டிரைவர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் கேசட்டைத் தேய்ந்து போகும் அளவுக்குப் போட்டவர். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மகளையும் இழுத்துக்கொண்டு அவரிடம் போய், "அந்தச் சந்துல ரெக்கார்டிங் கடை இருந்துச்சே, ஞாபகம் இருக்காண்ணே?" என்று கேட்டேன்.

"மறக்க முடியுமா? அந்தத் தம்பி சிரிச்சுக்கிட்டே குடுப்பாக. எழுத்து அச்சடிச்சாப்புல இருக்கும்" என்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க... எதுத்தாப்புல பஞ்சர் கடை வச்சிருந்தீகளோ?"

மகள் சேலைத் தலைப்பு இல்லாத குறைக்குத் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தவனை யார் பார்த்தார்கள்? நானும் சிரித்து வைத்தேன்.

தோட்டம் சுருளிப்பட்டிப் பக்கம். கொடிகளைக் கவாத்து வெட்டி இலை இல்லாமல் கிடந்த ஒரு பந்தலை ஒட்டி ஷாமியானா போட்டிருந்தார்கள். கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகள் கார் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆளுயர ஸ்பீக்கர்கள். முன்னால் ஒரு மேசையில், கண்ணாடிப் பெட்டிக்குள், என் ரிதம் பாக்ஸ் இருந்தது. அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து ஒரு முழம் மல்லிகையும் சாத்தியிருந்தான். எட்டிப் பார்த்தேன். பேட்டரி கசிந்து அடியெல்லாம் பச்சை பூத்திருந்தது. செத்த மெஷின். "சார், ஒரு தாளம் வாசிச்சுக் காட்டுங்க" என்று பிள்ளைகள் கேட்டபோது அவன் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு, வலி என்றான். ஆள் பிழைக்கத் தெரிந்தவன்.

டிஜே பையன் ஏத்தப் பக்கத்தைப் போட்டான். மேடே இல்லாத இடத்தில் ஏத்தப் பக்கம். அந்தப் பேய் வேகத்தில் அது ஸ்பீக்கர் வழியாக வந்து நெஞ்சில் குத்தியது. பிள்ளைகள் வெறி பிடித்து ஆடினார்கள். முழுங்கிய அடி வரும்போதெல்லாம் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் நின்று, அடுத்த அடிக்குத் தொப்பென்று இறங்கினார்கள். என் மகளும் ஆடினாள். உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகை வந்தது. தப்பான வேகம்தான், ஆனால் நன்றாகவே இருந்தது.

ஆட்டம் நின்றதும் அவன் மைக்கைப் பிடித்தான். கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி முன்னால் அழைத்தான். மகளைப் பார்த்தேன், அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். முன்னால் போனேன். அவன் என் தோளில் கை போட்டுக்கொண்டான்.

"இவுக யாருன்னு சொல்லணும்" என்றான். "நம்ம கடைக்கு ரொம்ப ஒத்தாசையா இருந்தவுக. கேசட்டுக்கெல்லாம் கவர் மாட்டிக் குடுப்பாக. அம்புட்டுச் சுத்தமா இருக்கும். ஒரு கை தட்டுங்க."

கை தட்டினார்கள். அவ்வளவு நாளும் என்னை ஏலே என்று மட்டுமே கூப்பிட்டவன், அன்றைக்குத்தான் எனக்கு முதல்முதலாக மரியாதை கொடுத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பூசணிக்காயின் தோளில் கையைப் போட்டுக்கொண்டே மறைப்பதை அன்றுதான் பார்த்தேன்.

டிஜே பையன் நல்லவன். "சேட்டா, ஒண்ணு பேசுங்க" என்று மைக்கை என்னிடம் தந்தான். சொல்ல வேண்டியது எத்தனையோ இருக்க, "இது மேடு ஏறுறதுக்குச் செஞ்சது. சமதரையில இம்புட்டு வேகமா ஓடக்கூடாது" என்று மட்டும் வந்தது. பையன் ஒன்றும் புரியாமல் என் கூட்டாளியைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்தது. கம்பம் மெட்டுக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து ஜீப்பில் வந்தவன் அவன்.

"அவுக ஜீப்புல கேட்டத வச்சுச் சொல்றாக. நான் செஞ்சதே இந்த வேகந்தான்" என்று சிரித்தான். கூட்டமும் சிரித்தது, கேலியாக அல்ல, வீட்டுப் பெரியவர் ஏதோ சொல்கிறார் என்கிற பிரியத்தோடு. என் மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சின்னமனூர் தாண்டியதும் அவள் மெதுவாகச் சொன்னாள். "விடுங்கப்பா. கவர் மாட்டுனா என்ன? அதுவும் வேலதான். அதுக்காகப் பொய் சொல்லணுமா?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்றால் என்ன என்று அதுவரை எனக்குச் சொல்லாகத்தான் தெரியும். வரச்சொல்லி, மகளையும் கூட்டிவரச் சொல்லி, அவள் கண் முன்னால் அறுத்திருக்கிறான். தெரியாமல் உளறினான் என்று இனி நானே சொல்லிக்கொள்ள முடியாது.

அதன் பிறகு மகள் வீட்டுக்கு வந்தால் பாட்டை ஸ்பீக்கரில் போடுவதில்லை. காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். என்னிடம் எந்தப் பாட்டைப் பற்றியும் கேட்கவில்லை. பாசத்தில் குறை வைக்கவில்லை, பலகாரம் வாங்கி வந்தாள், மாத்திரை சாப்பிட்டேனா என்று விசாரித்தாள். நோயாளியிடம் பேசுகிற மாதிரி பேசினாள். நான் வெங்காயம் உரித்தேன்.

மாம்பழ சீசனில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவனே வீட்டுக்கு வந்தான், பெரியகுளத்து மாம்பழம் ஒரு பெட்டியோடு. மகள் இருந்தாள். "வாங்க மாமா" என்று பெட்டியை வாங்கிக்கொண்டு காபி போட உள்ளே போனாள். அம்மாக்காரி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் வா என்று சொல்லவில்லை. அவன் உட்கார்ந்துகொண்டான்.

"ஏலே, நீ கோவத்துல இருக்கன்னு தெரியும். கேளு" என்று குரலைத் தாழ்த்தினான். "புதுசா ஒண்ணு செஞ்சு குடுன்னு கேக்குறாக. வெளிநாட்டுல போடுறதுக்கு. எனக்கு என்னத்த ஓடும்? நீ வாயால சொன்னாப் போதும், அந்தக் கொச்சித் தம்பி கம்ப்யூட்டர்ல அடிச்சுக்கிருவாரு."

"கவர் மாட்டுறவன்கிட்ட வந்தா கேக்குற?" என்றேன்.

"அட, அதுல எந் தப்பு இல்லலே. ரெண்டு பேருன்னா கதை நிக்காதுன்னு அவுகதான் சொன்னாக. ஒத்த ஆளு, ஒத்த அறை, மலையடிவாரம்னாத்தான் எடுபடுமாம். அன்னைக்குச் சொல்லணும்னுதான் ஒன்னயக் கூப்பிட்டேன். மைக்கப் பிடிச்சதும் வாய் வரல."

மைக்கைப் பிடித்து அவனுக்கு வாய் வரவில்லையாம். அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்க வேண்டும். எனக்கு அதைவிட ஒன்று வேண்டியிருந்தது.

"ஊருக்குச் சொல்ல வேணாம்" என்றேன். "வெளிநாட்டுக்கும் சொல்ல வேணாம். எம் மககிட்ட மட்டும் சொல்லு. இப்ப, என் முன்னாடி. பெறகு நீ கேட்டது அம்புட்டும் தாரேன்."

அவன் என்னை வியப்போடு பார்த்தான். "இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றவன், உடனே குரலை உயர்த்தினான். "ஆத்தா, இங்கன வா."

அவள் காபித் தட்டோடு வந்தாள். அவன் தம்ளரை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அவளை நேராகப் பார்த்துச் சொன்னான்.

"ஆத்தா, மாமன் சொல்றதக் கேட்டுக்க. அந்தக் கேசட்டுல இருக்குற அடி அம்புட்டும் ஒங்கப்பன் போட்டது. நான் கல்லாவுல உக்காந்து பேரு எழுதுனவன், அம்புட்டுத்தான். அந்த முழுங்குன அடி இருக்குல்ல, அது இவன் மூளையில உதிச்சது, டிரைவரு தூங்கிரக் கூடாதுன்னு. ஏத்தப் பக்கத்த வேகமாப் பதிஞ்சதும் இவன்தான். எம் பேரு வந்தது தப்பு. ஒங்கப்பன் பேருதான் வந்திருக்கணும்."

ஒன்றுகூடக் குறை வைக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகாக என்னால்கூடச் சொல்லியிருக்க முடியாது. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் கலங்கிவிட்டது. "சரி மாமா" என்றாள். தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு என்னையும் பார்த்தாள். பல மாதங்களாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது எனக்கு. அவன் செய்ததையெல்லாம் அந்த நொடியே மன்னித்துவிட்டேன்.

அவனோடு வாசல்வரை போனேன். அவன் கைப்பேசியைப் பதிவில் போட்டு நீட்டினான். நான் காரின் பானெட்டில் விரலால் தட்டிக்கொண்டே வாயாலும் அடித்துக் காட்டினேன். அந்தக் காலத்தில் மனசுக்குள்ளேயே வைத்திருந்து பதியாமல் விட்டவற்றையும் சொன்னேன். எந்த இடத்தில் முழுங்க வேண்டும், எதற்குப் பின்னால் கைதட்டு வர வேண்டும், ஏத்தத்துக்கு வேகம் எவ்வளவு கூட்ட வேண்டும், எல்லாம். சந்தோஷத்தில் கை தானாக ஓடியது. "நீ நீதாண்டா" என்று என் முதுகில் தட்டிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனான்.

உள்ளே வந்தேன். மகள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இடம் விட்டு என்னையும் உட்காரச் சொன்னாள். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்வீகளா? மாமா அப்படிச் சொன்னது நீங்க சொல்லச் சொல்லித்தான?"

"ஆமா" என்றேன். அது உண்மை. உண்மையைச் சொல்லக்கூடாது என்று எனக்குத் தோன்றவில்லை.

"நெனச்சேன்" என்றாள். "எவ்வளவு பெரிய மனசு பாருங்க மாமாவுக்கு. தான் செஞ்சத அடுத்தவர் செஞ்சதா யாராவது சொல்லுவாகளா? நீங்க சங்கடப்படக் கூடாதுன்னு, என் முன்னாடி, தம் பேரே வந்திருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போறாக. எனக்கு அழுகையே வந்திருச்சு. இனிமே அவுகளப் போட்டு இப்படிப் பண்ணாதீகப்பா. பாவம்."

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவன், என் வீட்டிலேயே தருமவான் என்ற பேரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான். இனிமேல் அவனிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை, அவனுக்குக் கொடுக்கவும் ஒன்றும் இல்லை. மகள் என் கையைத் தடவிக்கொண்டே பதிலுக்குக் காத்திருந்தாள்.

"சரிம்மா" என்றேன். "இனிமே சொல்லல."